முதலில் ஃப்ளோர், அப்புறம் ஸ்டுடியோ: கிளப் டிஜேவாக, ரீமிக்ஸராக விரும்புகிறவர்களுக்கு

எந்தக் கன்ட்ரோலர், அதாவது லேப்டாப்போடு இணைத்துப் பாட்டைக் கலக்கும் கருவி, வாங்கலாம் என்றுதான் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்கிறார்கள். அதற்கும் பதில் கீழே இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்த வழிகாட்டியில் நான் சொல்லப்போகும் வரிசையே அவர் போன வரிசைதான்.

ஃபிராங்கி நக்கிள்ஸ். 1955-ல் நியூயார்க்கின் பிராங்ஸில் பிறந்தவர். அங்கே கான்டினென்டல் பாத்ஸ் என்ற இடத்தில் நண்பர் லாரி லெவனோடு சேர்ந்து ரெக்கார்டு போட்டுப் பழகினார். 1977-ல் சிகாகோவில் புதிதாகத் திறந்த ஒரு கிளப்புக்கு டிஜே தேவைப்பட்டபோது முதலில் லெவனைத்தான் கூப்பிட்டார்கள். அவர் நியூயார்க்கை விட்டு வர மாட்டேன் என்றுவிட, வேலை நக்கிள்ஸுக்கு வந்தது. சவுத் ஜெஃபர்சன் தெரு, 206-ஆம் எண், பழைய தொழிற்கூடக் கட்டடம். அதைத்தான் வேர்ஹவுஸ் என்றார்கள். மது கிடையாது, ஜூஸ்தான். வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள், அதிலும் வேறு இடங்களில் நிம்மதியாக ஆட முடியாத தன்பாலின ஈர்ப்பாளர்கள். சனி இரவு தொடங்கினால் ஞாயிறு பகல் வரை ஓடும். வேர்ஹவுஸில் போடுகிற மாதிரிப் பாட்டு வேண்டும் என்று ரெக்கார்டு கடைகளில் ஆட்கள் கேட்கப்போய், அந்தப் பெயரின் வால் மட்டும் தங்கி 'ஹவுஸ்' என்று ஓர் இசை வகைக்கே பெயராகிவிட்டது.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் வருகிறது. 1979 ஜூலை 12 அன்று அதே சிகாகோவில், காமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில், இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே ஒரு ரேடியோ அறிவிப்பாளர் டிஸ்கோ ரெக்கார்டுகளைக் குவித்து வெடி வைத்துத் தகர்த்தார். அதை ஒட்டி அமெரிக்கப் பெரிய கம்பெனிகள் டிஸ்கோவிலிருந்து கை கழுவ ஆரம்பித்தன. வாரா வாரம் வந்துகொண்டிருந்த புது ரெக்கார்டு குறைந்துபோனது. ஆனால் சனிக்கிழமை வந்தால் ஆட ஜனம் வருமே, அவர்களுக்கு என்ன போடுவது? நக்கிள்ஸ் ஒலிப்பதிவு படித்துக்கொண்டிருந்த ஒரு நண்பரின் உதவியோடு பழைய பாட்டுகளையே ரீல் டேப்பில் ஏற்றி, பிளேடால் வெட்டி ஒட்டினார். எந்த இடத்தில் ஜனம் கத்துகிறதோ அதை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு நீட்டினார், எந்த இடத்தில் சோர்ந்து தண்ணீர் குடிக்கப் போகிறார்களோ அதைத் தூக்கி எறிந்தார். டேப்பை அதே ஃப்ளோரில், அதாவது ஜனம் ஆடும் தளத்தில், போட்டுப் பார்த்தார். அப்புறம் டெட்ராய்ட்டிலிருந்து வந்த டெரிக் மே என்ற இளைஞரிடம் ரோலண்ட் டிஆர்-909 டிரம் மெஷின் ஒன்றை வாங்கி, பழைய பாட்டுக்கு அடியில் அதன் கிக்கை, அந்த 'தும் தும்' அடியை, ஓட விட்டார். எண்பதுகளின் பின்பாதியில் நியூயார்க் திரும்பி, டேவிட் மொரால்ஸோடு டெஃப் மிக்ஸ் என்ற பெயரில் பெரிய பாடகர்களுக்கெல்லாம் ரீமிக்ஸ் செய்தார். 1998-ல் கிராமி விருதில் முதன்முறையாக ரீமிக்ஸருக்கென்று ஒரு பிரிவு வைத்தபோது அதை வாங்கியவர் அவர்தான், அடுத்த வருஷம் மொரால்ஸ். வேர்ஹவுஸிலிருந்து அந்த மேடைக்கு 21 வருஷம்.

ரீமிக்ஸ் என்பது ஆடுகிற ஜனத்தின் தேவையிலிருந்து பிறந்த வேலை, அவ்வளவுதான் நான் சொல்ல வருவது. லேப்டாப்பில் உட்கார்ந்து நேராக அதில் இறங்குகிறவர்களின் ரீமிக்ஸ் அழகாக இருக்கும், ஆனால் கிளப்பில் போட்டால் ஆள் நகர்ந்துவிடும். இதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

முதலில் ஆடப் போங்கள்

ஆறு மாதமாவது ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். ஊரில் உள்ள எல்லா கிளப்பையும் சுற்றுவதைவிட ஒரே இடத்தின் எல்லா வாரத்தையும் பார்ப்பது பத்து மடங்கு பயன். கதவு திறக்கும்போதே போய்விடுங்கள். காலி ஃப்ளோரில் டிஜே என்ன போடுகிறார், முதல் ஆள் எப்போது கால் வைக்கிறார், எந்தப் பாட்டில் ஓரத்தில் நின்றவர்கள் உள்ளே வருகிறார்கள், எந்தப் பாட்டுக்குப் பிறகு பார் பக்கம் கூட்டம் சாய்கிறது, இதெல்லாம் போனில் நேரத்தோடு குறித்து வையுங்கள். நான் என் குறிப்புகளைப் பிறகு புரட்டியபோது ஒன்று கண்ணில் பட்டது. ஃப்ளோர் காலியான தருணங்களில் பாதிக்கு மேல் மோசமான பாட்டால் வந்தவை இல்லை, நல்ல பாட்டைச் சீக்கிரம் போட்டுவிட்டதால் வந்தவை.

ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் ஒரு தடவை, கடைசிச் சுவரோரம் ஒரு தடவை, டாய்லெட் வாசலில் ஒரு தடவை நின்று கேளுங்கள். ஒரே பாட்டு மூன்று இடத்தில் மூன்று விதமாக இருக்கும். காது இதற்குப் பழக வேண்டும்.

எண்ணிப் பழகுங்கள்

கிளப் இசையில் பெரும்பகுதி நாலு தட்டு ஓர் ஆவர்த்தனம் என்று போகும். ஒவ்வொரு தட்டும் உள்ளே நாலாக உடையும், நாம் கேட்டு வளர்ந்த சதுஸ்ர நடைதான், பயப்பட ஒன்றுமில்லை. எட்டு ஆவர்த்தனம், அதாவது 32 தட்டுக்கு ஒருமுறை பாட்டில் ஏதாவது மாறும்: ஒரு ஹைஹேட் (டிரம்ஸின் சின்னத் தாளம்) சேரும், பேஸ் (அடிச் சத்தம்) நின்று திரும்பி வரும், குரல் தொடங்கும். ஹவுஸ் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 120 முதல் 128 தட்டுக்குள் இருக்கும், டிரம் அண்ட் பேஸ் 170-ஐத் தாண்டும். 124-ல் ஓடும் பாட்டில் 32 தட்டு என்பது சுமார் பதினைந்தரை விநாடி. பஸ்ஸில் போகும்போது காதில் பாட்டை மாட்டிக்கொண்டு 32 வரை எண்ணிக்கொண்டே போங்கள். ஒரு மாதத்தில் எண்ணாமலேயே அடுத்த மாற்றம் வருவது உடம்புக்குத் தெரிந்துவிடும். அது வராதவரை மிக்சரைத் தொடுவதில் அர்த்தமில்லை.

நம் ஊர்க் குத்துப்பாட்டைக் கலக்க நினைப்பவர்களுக்கு இங்கேயே ஒரு வார்த்தை. டப்பாங்குத்து பெரும்பாலும் திஸ்ர நடை, ஒவ்வொரு தட்டும் உள்ளே மூன்றாக உடையும். ஹவுஸில் அதே தட்டு நாலாக உடையும். இரண்டின் பெரிய தட்டுகளை வேகத்தில் ஒன்றாக்கிவிடலாம், ஆனால் உள்ளே ஹைஹேட்டும் பறையும் முட்டிக்கொண்டு அரிசியில் கல் மாதிரி நெருடும். அதனால் இரண்டையும் நீளமாக மேலே மேலே ஓட்டாதீர்கள். ஹவுஸ் பாட்டில் வெறும் கிக்கும் கைத்தட்டலும் மட்டும் இருக்கிற இடம் வரும்வரை காத்திருந்து, அங்கே குத்தை இறக்குங்கள். சென்னை, கொழும்பு, டொரன்டோ, லண்டன் என்று எங்கே தமிழ்க் கல்யாணத்துக்கு வாசிக்கப் போனாலும் இது கை கொடுக்கும்.

பாட்டு சேர்ப்பது

உங்கள் சொத்து பாட்டுத் தொகுப்புதான். 1975-ல் நியூயார்க்கில் டேவிட் மன்குசோவும் நண்பர்களும் ரெக்கார்டு பூல் என்று ஓர் ஏற்பாடு செய்தார்கள், கம்பெனிகள் புது ரெக்கார்டுகளை அங்கே கொடுக்கும், டிஜேக்கள் வாங்கிப்போய் ஃப்ளோரில் போட்டுப் பார்த்து எப்படி இருந்தது என்று திருப்பிச் சொல்வார்கள். இன்றைக்கு இணையத்தில் கட்டணம் கட்டிச் சேரும் பூல்கள் இருக்கின்றன, பீட்போர்ட், பேண்ட்கேம்ப் போன்ற கடைகள் இருக்கின்றன. வாரத்துக்கு ஐந்து பாட்டு வாங்குங்கள், ஆனால் அந்த ஐந்தையும் கரைத்துக் குடியுங்கள். எங்கே பிரேக் (மற்றதெல்லாம் விலகி ஒன்றிரண்டு ஒலி மட்டும் நிற்கும் இடம்), எங்கே குரல், முடிவில் டிரம் மட்டும் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பது மனப்பாடமாக இருக்க வேண்டும்.

320 கேபிபிஎஸ் எம்பி3-க்குக் கீழே இறங்காதீர்கள், முடிந்தால் சுருக்காத வேவ் கோப்பாகவே வாங்குங்கள். வீடியோவிலிருந்து உருவிய பாட்டு ஹெட்போனில் சுமாராகத் தெரியும், பெரிய ஸ்பீக்கரில் மேல் சத்தமெல்லாம் தகரம் மாதிரி ஒலிக்கும், பேஸ் சோறு குழைந்த மாதிரி ஆகிவிடும்.

கருவி

சரி, கேட்ட கேள்விக்கு வருவோம். எந்தக் கருவியானாலும் அடிப்படை ஒன்றுதான்: இரண்டு பிளேயர், நடுவில் ஒரு மிக்சர், ஹெட்போனில் தனியாகக் கேட்க வசதி. 1972-ல் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிள் வந்தது, 1979-ல் வந்த அதன் மார்க் 2 வடிவத்தில் வேகத்தை எட்டு சதவீதம் கூட்டவோ குறைக்கவோ ஒரு ஸ்லைடர் வைத்தார்கள். இன்றைய கன்ட்ரோலர் எல்லாவற்றிலும் ஓரத்தில் நிற்கும் அந்த ஸ்லைடர் அதன் பிள்ளைதான். இரண்டு சானல் உள்ள சின்ன கன்ட்ரோலர், நன்றாக மூடிக்கொள்ளும் ஹெட்போன், இரண்டும் போதும். கன்ட்ரோலரைப் பழையதாகவும் வாங்கலாம், ஹெட்போனைப் புதிதாக வாங்குங்கள். பெரும்பாலான கிளப்புகளில் பயனியர் கம்பெனியின் சிடிஜே பிளேயரும் டிஜேஎம் மிக்சரும் இருக்கும். அதை வீட்டில் வாங்கி வைக்கத் தேவையில்லை, ஸ்டுடியோவில் மணிக்கணக்குக்கு வாடகைக்கு எடுத்து ஐந்தாறு தடவை கை பழகிக்கொண்டால் போதும்.

கலப்பது

எழுபதுகள் தொடங்கும்போதே நியூயார்க்கில் சாங்சுவரி என்ற, தேவாலயமாக இருந்து கிளப்பாக மாறிய கட்டடத்தில் ஃபிரான்சிஸ் கிராஸோ என்பவர் இரண்டு ரெக்கார்டுகளின் தட்டுகளைக் காதால் ஒன்றாக்கி ஓட்டிக்காட்டினார். இன்றைக்கும் நாம் செய்வது அதுதான். செய்து பார்ப்போம்.

வெளியே 124-ல் ஒரு பாட்டு ஓடுகிறது. அடுத்த பாட்டு 122. ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள், இன்னொரு காது அறைக்கு. இரண்டாவது பாட்டின் முதல் கிக்கில் கியூ, அதாவது தொடங்கும் புள்ளி, வைத்து, வெளியே புது 32 தொடங்கும் தட்டில் விடுங்கள். முதல் நாலு தட்டு சேர்ந்து போகும், அப்புறம் குதிரை நொண்டுகிற மாதிரி 'டுக்-டுக்' என்று இரட்டைச் சத்தம் வரும். பின்தங்குகிறது என்று அர்த்தம். ஸ்லைடரை ஒன்றரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே கொண்டுபோய், ஜாக் வீல் என்ற சுழல் சக்கரத்தின் ஓரத்தை விரல் நுனியால் முன்னுக்குத் தள்ளுங்கள். இரட்டைச் சத்தம் ஒட்டி ஒன்றாகும்போது கிக் திடீரென்று தடித்துக் கேட்கும், அதைத் தேடித்தான் இவ்வளவு பாடு. இப்போது இரண்டாவது பாட்டின் பேஸ் குமிழை முழுசாக இறக்கிவிட்டு அதன் சானலின் சத்தத்தை மெல்ல ஏற்றுங்கள். மேல் சத்தங்கள் மட்டும் கலக்கும். அடுத்த 32 தொடங்கும் தட்டில் முதல் பாட்டின் பேஸை இறக்கி, இரண்டாவதின் பேஸை ஏற்றுங்கள், இரண்டு கையும் ஒரே நேரத்தில். இரண்டு பேஸும் ஒன்றாக ஓடினால் ஸ்பீக்கர் உறுமும், ஜனத்துக்கு ஏனென்று தெரியாமலேயே ஆட்டம் தளரும்.

வேகத்தைத் தானே சேர்த்துவிடும் சிங்க் பட்டன் இருக்கிறதே என்பீர்கள். தாராளமாகப் பயன்படுத்துங்கள், எனக்கு அதில் ஆட்சேபமில்லை. ஆனால் ஆறு மாதம் அதைத் தொடாமல் காதால் பழகிவிட்டு அப்புறம் தொடுங்கள். பழைய டிஸ்கோவும் மனிதர் டிரம்ஸ் வாசித்த பாட்டுகளும் நடுவில் வேகம் மாறும், தட்டு விழும் இடம் என்று சாஃப்ட்வேர் போட்ட கோடு அங்கே பொய் சொல்லும்.

சுருதியும் பாருங்கள். வேகத்தை ஆறு சதவீதம் கூட்டினால் சுருதி ஏறக்குறைய அரைச்சுரம் ஏறிவிடும், சுருதியைப் பிடித்து வைக்கும் கீலாக் போட்டால் ஏறாது. இரண்டு பாட்டிலும் குரல் இருந்து சுருதி சேராவிட்டால் கச்சேரியில் தம்பூரா பிசகின மாதிரி இருக்கும். சாஃப்ட்வேர் ஒவ்வொரு சுருதிக்கும் 8ஏ, 9ஏ என்று எண் போட்டுக் காட்டும், ஒரே எண் அல்லது பக்கத்து எண் சேரும். அதையே வேதமாக வைத்துக்கொண்டு பாட்டுத் தேர்வைக் கோட்டை விட்டுவிடாதீர்கள்.

முதல் மேடைகள்

முதலில் கிடைப்பது வார்ம்-அப், கதவு திறந்து முதல் இரண்டு மணி நேரம். அதைச் சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். பெரிய பாட்டுகளையெல்லாம் பத்து மணிக்கே போட்டு, தனக்குப் பின்னால் வருகிறவருக்கு ஒன்றும் மிச்சம் வைக்காத வார்ம்-அப் டிஜேவை யாரும் இரண்டாவது தடவை கூப்பிட மாட்டார்கள். 118, 120 என்று தாழ்வாகத் தொடங்கி, பேச்சுக்கு இடம் விட்டு, அடுத்தவர் எந்த வேகத்தில் தொடங்குவார் என்று கேட்டு அங்கே கொண்டுபோய் விடுங்கள். இதைச் சரியாகச் செய்கிறவருக்கு வாராந்திர ரெசிடென்சி, அதாவது ஒரே கிளப்பில் வாரா வாரம் வாசிக்கும் நிலையான இடம், கிடைக்கும், நக்கிள்ஸுக்கு வேர்ஹவுஸ் கிடைத்த மாதிரி ஒரே ஃப்ளோரை வருஷக்கணக்கில் படிக்கும் வாய்ப்பு அதில்தான் இருக்கிறது. ஊர் ஊராகப் போய் ஒரு மணி நேரம் வாசிப்பதில் அது கிடைக்காது.

என் முதல் ராத்திரியில் நடந்ததைச் சொல்கிறேன். யுஎஸ்பியை பிளேயரில் செருகினேன், திரையில் ஒரு பாட்டும் வரவில்லை. கழற்றித் துடைத்து மறுபடி செருகினேன், வரவில்லை. என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் ஆகியிருந்தது, கிளப் பிளேயர் அதைப் படிக்காது என்பது எனக்குத் தெரியாது. எனக்கு முன்னால் வாசித்தவர் என் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் தன் இரண்டாவது யுஎஸ்பியை நீட்டி, "இதில் இருந்து எடுத்துக்கோ தம்பி, நான் இன்னும் ரெண்டு பாட்டு ஓட்டறேன்" என்றார். அவர் கொடுத்த அந்தப் பத்து நிமிஷத்தில்தான் நான் தப்பித்தேன். ஃபேட்32-ல் ஃபார்மட் செய்யுங்கள், பயனியரின் ரெக்கார்ட்பாக்ஸ் சாஃப்ட்வேர் வழியாகப் பாட்டை ஏற்றுங்கள், அப்படியே இன்னொரு பிரதி எடுங்கள், இரண்டையும் தனித்தனிப் பையில் வையுங்கள். அந்த இரண்டாவது பிரதி உங்களுக்காக மட்டும் இல்லை.

மிக்சரில் விளக்கு சிவப்பைத் தொடக்கூடாது. சத்தம் போதவில்லை என்றால் சவுண்ட் இன்ஜினியரிடம் சொல்லுங்கள், அவரிடம் சொல்லாமல் நீங்கள் ஏற்றினால் அவர் அங்கே இறக்குவார், இரண்டு பேரும் சேர்ந்து ஒலியைக் கெடுத்துவிடுவீர்கள். இன்னொன்று, ஃப்ளோர் ஸ்பீக்கர் பத்து மீட்டர் தள்ளி இருந்தால் சத்தம் உங்களிடம் வர முப்பது மில்லிவிநாடி கிட்டத்தட்ட ஆகும். அதைக் கேட்டுக்கொண்டே தட்டைச் சேர்த்தால் எல்லாம் தாமதமாக விழும். டிஜே நிற்கும் பூத்தில், பக்கத்தில் இருக்கும் மானிட்டர் ஸ்பீக்கரை வைத்துத்தான் சேர்க்க வேண்டும், மானிட்டர் இல்லாத இடத்தில் ஹெட்போனிலேயே இரண்டையும் கேட்டுச் சேருங்கள்.

காது விஷயத்தில் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வரை பரவாயில்லை என்பது அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனத்தின் கணக்கு, அதற்கு மேல் மூன்று டெசிபல் ஏறும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். கிளப் அந்த அளவில் சர்வ சாதாரணமாக ஓடும். இசைக்காரர்களுக்கான ஃபில்டர் வைத்த காதடைப்பான் வாங்குங்கள், கன்ட்ரோலருக்கு முன்னாலேயே வாங்குங்கள். பஞ்சு வேண்டாம், அது மேல் சத்தத்தை மட்டும் தின்றுவிடும். கேட்கும் திறன் ஒரு தடவை போனால் திரும்பாது.

எடிட்டில் தொடங்குங்கள், ரீமிக்ஸுக்கு அவசரமில்லை

ஒரு வருஷம் வாசித்த பிறகு உங்கள் தொகுப்பில் ஒரு பத்துப் பாட்டு உறுத்தும். இதில் தொடக்கம் ரொம்பச் சின்னது, கலக்க இடமில்லை. அதில் பிரேக் எட்டு விநாடியில் முடிகிறது, ஜனம் இன்னும் கேட்கிறது. அந்தப் பாட்டுகளை எடுத்து வெட்டி ஒட்டுங்கள், புதிதாக ஒன்றும் சேர்க்காமல். வேலையின் ஆதி வடிவம் இதுதான். டாம் மோல்டன் என்பவர் டிஜேவே இல்லை, ஃபயர் ஐலண்டின் ஒரு பாருக்காக எழுபதுகளின் தொடக்கத்தில் 45 நிமிஷ டேப் ஒன்றைத் தயாரிக்க 80 மணி நேரம் உட்கார்ந்தார். மூன்று நிமிஷப் பாட்டு, ஜனம் சூடாகும்போது முடிந்துவிடுகிறதே என்ற ஆதங்கம்தான் அவரை இழுத்தது. பிறகு அவர் ஒரு ரீமிக்ஸை ரெக்கார்டுத் தட்டில் வெட்டப் போனபோது ஏழு அங்குல வெற்றுத்தட்டு தீர்ந்துபோய், பெரிய தட்டில் வெட்டினார்கள். இடம் தாராளமாக இருந்ததால் பள்ளங்களை அகலமாக இடமுடிந்தது, சத்தமும் பேஸும் எகிறியது. பன்னிரண்டு அங்குல சிங்கிள் பிறந்தது அப்படி. 1976-ல் சால்சோல் நிறுவனம் கடையில் விற்ற முதல் பன்னிரண்டு அங்குலத்துக்கு ரீமிக்ஸ் செய்தவர் வால்டர் கிப்பன்ஸ், அவர் கிளப்பில் வாசித்துக்கொண்டிருந்த டிஜே.

எடிட் கை வந்த பிறகு ரீமிக்ஸ். பாட்டுக்குச் சொந்தக்காரரிடமிருந்து ஸ்டெம்ஸ் வாங்க வேண்டும், அதாவது குரல் தனி, டிரம்ஸ் தனி, கீபோர்டு தனி என்று பிரித்த கோப்புகள். செயற்கை நுண்ணறிவால் குரலைப் பிரிக்கும் சாஃப்ட்வேர்கள் இப்போது இருக்கின்றன, பழகுவதற்கு அருமை, வெளியிடுகிற வேலைக்கு அது வேண்டாம், குரலின் ஓரம் கரகரக்கும்.

என் தோழி ஒருவர் சொந்தமாகப் பாடி வெளியிட்ட பாட்டை நான் ரீமிக்ஸ் செய்தேன். அசல் 100-ல் இருந்தது, எனக்கு 120 வேண்டும். குரலை இழுத்து 120-க்குக் கொண்டுவந்து போட்டுக் கேட்டால், சரணத்தின் கடைசியில் 'போகாதே' என்று ஒரு சொல், அதில் 'கா' என்ற நெடில்தான் பாட்டின் உயிர், அது குறிலாகிவிட்ட மாதிரி அவசரமாகக் கேட்டது. மூன்று ராத்திரி எதையெதையோ செய்து பார்த்தேன். கடைசியில் அவரையே கூப்பிட்டு 120-ல் மறுபடி பாட வைத்தேன், அரை மணி நேரத்தில் முடிந்தது. 'கா'வை இரண்டு தட்டுக்கு நிறுத்திப் பாடினார், பின்னால் ஒலித்த கார்டுகளை, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரங்களை, எல்லாம் நான் எடுத்துவிட்டேன், அங்கே அந்தக் குரலும் கைத்தட்டலும் மட்டும். இந்த யோசனை எனக்குச் சொந்தமில்லை. 1993-ல் டேவிட் மொரால்ஸ் மரையா கேரியின் 'டிரீம்லவர்' பாட்டை ரீமிக்ஸ் செய்தபோது அவர் கிளப் வடிவத்துக்கென்றே புதிதாகப் பாடிக்கொடுத்தார். தமிழில் பாடுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். குறில் நெடில் கெட்டால் நம் காது உடனே முகம் சுளிக்கும்.

அமைப்பு எப்படி என்றால், முதல் 64 தட்டு டிரம்ஸ் மட்டும், இன்னொரு டிஜே கலப்பதற்கு. 120-ல் அது 32 விநாடி. பிறகு பேஸ், பிறகு குரலின் ஒரு துண்டு, பிறகு சரணம், நடுவில் ஒரு நீண்ட பிரேக், திரும்ப எல்லாம், முடிவில் மறுபடி 64 தட்டு டிரம்ஸ். ஆறு, ஏழு நிமிஷம் வரும். கிக்கும் பேஸும் ஒரே இடத்துக்குச் சண்டை போடும், கிக் விழும்போதெல்லாம் பேஸ் கொஞ்சம் தாழும்படி சைட்செயின் போடுங்கள். அடிச் சத்தத்தை மோனோவில், இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே மாதிரி, வையுங்கள். மாஸ்டரிங் என்ற கடைசி ஒலிச் சீரமைப்புக்கு அனுப்பும்போது 24 பிட் வேவ், உச்சம் மைனஸ் ஆறு டெசிபலுக்குக் கீழே. கூடவே ரேடியோவுக்கு மூன்றரை நிமிஷத்தில் ஒன்று, குரல் பெரும்பாலும் எடுத்துவிட்டு எதிரொலியோடு ஒரு டப். டப் ஜமைக்காவில் கிங் டப்பி போன்றவர்கள் கொடுத்த சொத்து, ராத்திரி மூன்று மணிக்கு அதுதான் வேலை செய்யும்.

காகிதம்

ரீமிக்ஸருக்குப் பெரும்பாலும் ஒரே தடவைக் கூலிதான். பாட்டு எவ்வளவு ஓடினாலும் மாஸ்டர் உரிமை, அதாவது ஒலிப்பதிவின் உரிமை, கம்பெனிக்கு, பாடல் உரிமை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும். இது அநியாயமாகத் தோன்றினாலும் கையெழுத்துப் போடும் முன்னால் தெரிந்திருக்க வேண்டும். நாலு விஷயத்தை எழுத்தில் வாங்குங்கள்: தொகை, பாதி முன்பணம், எந்தத் தேதிக்குள் கொடுப்பார்கள், பாட்டின் தலைப்பில் உங்கள் பெயர். நான்காவதுதான் அடுத்த வேலையைக் கொண்டுவரும். விற்பனையில் ஒரு பங்கு கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. ரீமிக்ஸோடு நிற்காமல் சொந்தமாகவும் இசை செய்யுங்கள், உரிமை அங்கேதான் இருக்கிறது. நியூயார்க்கில் ரேடியோ மிக்ஸ் செய்துகொண்டிருந்த ஷெப் பெட்டிபோன் மடோனாவுக்கு ரீமிக்ஸ் செய்துகொண்டே வந்து, 1990-ல் 'வோக்' பாட்டைச் சேர்ந்து எழுதித் தயாரிக்கிறவராக ஆனார்.

அனுமதி இல்லாமல் செய்ததை பூட்லெக் என்பார்கள். இந்தியாவில் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஒலிப்பதிவுக்கு ஒரு சொந்தக்காரர், பாடலுக்கு வேறு சொந்தக்காரர், இரண்டு பேரும் சம்மதிக்க வேண்டும். சினிமாப் பாட்டை எடுத்து ரீமிக்ஸ் செய்து இணையத்தில் ஏற்றினால் ஆடியோ கம்பெனி எடுக்க வைக்கும், சம்பாதித்த பேரும் சேர்ந்து போகும். தனியாகப் பாடி வெளியிடுகிறவர்கள் உங்கள் ஊரிலேயே நிறைய இருக்கிறார்கள், அவர்களிடம் நேராகக் கேளுங்கள். நிகழ்ச்சிகளுக்குப் போகும்போது ஒலிப்பதிவுக்கு பிபிஎல், பாடலுக்கு ஐபிஆர்எஸ் என்ற அமைப்புகளின் உரிமம் எடுத்தாயிற்றா என்று ஏற்பாட்டாளரிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்ப ஃப்ளோருக்கு

ரீமிக்ஸ் முடிந்ததும் யாருக்கும் அனுப்பாதீர்கள். உங்கள் ரெசிடென்சி ராத்திரியில், கூட்டம் பாதி நிறைந்திருக்கும் நேரத்தில், ஜனத்துக்கு நன்றாகத் தெரிந்த இரண்டு பாட்டுகளுக்கு நடுவே அறிவிக்காமல் போடுங்கள். உச்ச நேரத்தில் போட்டால் எதுவும் நன்றாக இருப்பது போலத்தான் தெரியும். பூத்தில் ஒரு நண்பரை நிற்கச் சொல்லி, போனில் ஃப்ளோரை மட்டும் படம் பிடிக்கச் சொல்லுங்கள். மறுநாள் மதியம் அந்த வீடியோவை சத்தத்தோடு பாருங்கள், முதல் ஆள் திரும்பி பார் பக்கம் நடக்கும் விநாடியைக் குறியுங்கள். என் ரீமிக்ஸில் அது மூன்று நிமிஷம் பத்தாவது விநாடி, நான் மிகவும் ஆசைப்பட்டுச் சேர்த்த கீபோர்டு வாசிப்பு தொடங்கும் இடம். அதை எடுத்துவிட்டு 'கா'வை இன்னொரு தடவை திரும்ப வரவைத்தேன். அடுத்த சனிக்கிழமை மறுபடி போட்டேன், யாரும் நகரவில்லை. திங்கட்கிழமை காலையில்தான் கோப்பை அனுப்பினேன்.